நாணயப் பேரேடும் காப்புறுதி விசாரணையும்

ஐக்கிய அமெரிக்காவிலே மோட்டார் வாகனத்துக்குக் காப்புறுதி எடுக்க விரும்பும் ஒருவர் ஒரே கம்பனியின் வாயிலில் நின்றுவிடுவதில்லை. நான்கைந்து கம்பனிகளிடம் கட்டணம் என்னவென்று விசாரித்துப் பார்த்து, தமக்கு ஏற்றதைத் தெரிந்தெடுப்பது அங்குள்ள வழக்கம். அவ்வாறு விசாரிக்கும்போது அவருடைய உள்ளத்தில் ஓர் அச்சம் எழுவதுண்டு. கட்டணத்தைச் சொல்வதற்கு முன்னர் கம்பனிகளிற் பல அவருடைய கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்கின்றன. பார்த்த செய்தி அவ்வறிக்கையிலேயே பதிவாகிவிடுகின்றது. இப்படிப் பலர் பார்த்த பதிவுகள் சேரச் சேர, இவர் பணமுடையால் வாயில் வாயிலாக அலைகின்றார் என்று நாளைக்கு வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி எண்ணிவிடாதா?

இந்த அச்சத்துக்குரிய விடை சுருக்கமானது. காப்புறுதிக் கட்டணத்தை விசாரித்த காரணத்தால் எவருடைய கடன் மதிப்பெண்ணும் குறைவதில்லை. அந்தப் பதிவு உரியவரின் கண்ணுக்குத் தெரியும். கடன் கொடுப்போரின் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், இவ்விடை எளிதிற் கிடைத்ததன்று. ஒரு மனிதனைப் பற்றிப் பிறர் மறைவாக எழுதி வைத்த ஏட்டை அந்த மனிதனே கேட்டறியலாம் என்று நாடு முழுவதற்குமாகச் சட்டம் இயற்றுவதற்கு, அமெரிக்காவில் ஏறக்குறைய நூற்று முப்பது ஆண்டுகள் சென்றன.

அந்த ஏட்டைத் தொடக்கி வைத்தவர் ஒரு பட்டு வணிகர். லூயிஸ் தப்பன் என்பது அவர் பெயர். அடிமை வியாபாரத்தின் கொடுமையை எதிர்த்துப் போராடிய நல்லோருள் அவரும் ஒருவர். 1834 ஆம் ஆண்டிலே நியூயோர்க்கிற் கலகக் கூட்டமொன்று அவருடைய வீட்டிற் புகுந்து தளபாடங்களை வீதியில் எறிந்து கொளுத்தியது. அமிஸ்தாட் என்னும் கப்பலிற் சிறைப்பட்டு வந்த ஆபிரிக்கரின் விடுதலைக்காக நிதி திரட்டி வழக்கு நடத்துவித்தவர்களுள்ளும் அவர் முன்னின்றார். அவரும் அவர் தமையனார் ஆதர் தப்பனும் நடத்திய வணிக நிலையம் 1837 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் முறிந்தது. தூர தேசத்துக் கடைக்காரருக்குக் கடனாகச் சரக்குக் கொடுத்து, அவர்கள் திருப்பித் தரமாட்டாமற் போனமையே முறிவுக்குக் காரணம். யாரை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்பதை முன்கூட்டி அறிய வழியிருந்தால் இந்தக் கேடு நேர்ந்திராது என்று லூயிஸ் தப்பன் கருதினார். அந்தக் கருத்திலிருந்து 1841 ஆம் ஆண்டில் ‘வணிக முகவர் நிலையம்’ பிறந்தது.

நிலையத்தின் வேலை முறை இன்று கேட்பதற்கு விநோதமாக இருக்கும். நாட்டின் பல ஊர்களிலும் தகவல் எழுதி அனுப்புவோர் நியமிக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் சட்டத்தரணிகள். பின்னாளிற் சனாதிபதிப் பதவி வகித்த ஆபிரகாம் லிங்கனும் அவ்வாறு எழுதியவர்களுள் ஒருவர். ஊர்க் கடைக்காரரின் முதல் எவ்வளவு, குடிப்பழக்கம் உண்டா, மனைவி வழிச் சொத்து உண்டா, வாக்குத் தவறாதவரா என்பனவெல்லாம் கடிதமாக வந்து பெரும் பேரேடுகளிற் பதியப்பட்டன. சந்தா செலுத்திய வணிகர் நியூயோர்க் காரியாலயத்துக்கு வந்தால், இலிகிதர் ஏட்டைத் திறந்து வாசித்துக் காட்டுவார். ஏட்டைக் கையில் கொடுப்பதும் இல்லை. பிரதியெடுக்க விடுவதும் இல்லை. எழுதப்பட்டவருக்கோ தம்மைப் பற்றி ஓர் ஏடு இருப்பதே தெரியாது. அந்தப் பேரேடுகளில் இரண்டாயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்டவை ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் பேக்கர் நூலகத்திற் பேணப்பட்டு வருகின்றன.

மனிதன் மனிதனை விற்பதை எதிர்த்த ஒருவரே, மனிதரின் பெயரை ஏட்டில் அடைத்துச் சந்தாவுக்கு வாசித்துக் காட்டும் தொழிலையும் தொடக்கினார். அவருடைய நோக்கத்திற் குறை காண்பது எளிதன்று. நாணயஸ்தனுக்கு அந்நிய ஊரிலும் கடன் கிடைக்கவேண்டும் என்பதே அவர் எண்ணம். ஆனால், ஏடு பிழையாக எழுதப்பட்டால் என்ன செய்வது?

அந்தக் கேள்வியை முதன்முதலில் உரத்துக் கேட்டவர்கள் ஒஹையோ மாநிலத்து நோர்வாக் என்னும் ஊரைச் சேர்ந்த பியட்ஸ்லி சகோதரர்கள். அவர்களுள் ஒருவரின் மனைவி மணவிலக்குக் கோரப் போகின்றார் என்றும், அதனால் வியாபாரம் நிலைக்காது என்றும் ஏட்டில் ஒரு குறிப்பு ஏறியது. சரக்குக் கொடுப்போர் கையை இழுத்துக்கொண்டனர். சகோதரர்கள் 1848 ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். விசாரணையின்போது நிலையத்தைச் சேர்ந்த பெஞ்சமின் டக்ளஸ் என்பவர், தகவல் பற்றிய கேள்விகளுக்கு விடையளிக்க மறுத்துச் சிறைக்குப் போனார். யூரிமார் பத்தாயிரம் டொலர் நட்டஈடு வழங்கினர். எனினும், வழக்கு மேலே மேலே சென்று, 1870 ஆம் ஆண்டளவில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் வழக்காடியும் சகோதரர்கள் வெறுங்கையுடன் நின்றனர்.

தப்பனுடைய ஏடு வணிகரை மட்டுமே எழுதியது. குடும்பத்தவரையும் கூலியாளரையும் எழுதும் ஏடு பிற்பாடு வந்தது. தென்னசி மாநிலத்துச் சற்றநூகா நகரிலே பலசரக்கு வணிகர் சங்கத்துக்காக, எவர் ஒழுங்காகப் பணம் கட்டுவர் என்று பட்டியல் தயாரித்த கேற்றர் வுல்போட் என்பவர், தம் சகோதரர் கை வுல்போட்டுடன் சேர்ந்து 1899 ஆம் ஆண்டில் அற்லாண்டாவில் ‘சில்லறைக் கடன் கம்பனி’யை நிறுவினார். ஒழுங்காகக் கட்டுவார், தாமதிப்பார், கைப்பணத்துக்கே கொடுக்கலாம் என்று வாடிக்கையாளரை வகுத்துப் புத்தகமாக வெளியிட்டனர். கடைக்காரர் சந்தா கட்டி வாங்கினர். ஆனால், அக்கம்பனி செழித்தது கடைக்காரரால் அன்று, காப்புறுதிக் கம்பனிகளாலேயே.

ஆயுட் காப்புறுதி செய்வோருக்கு உடலைப் பற்றி மட்டுமல்ல, ஒழுக்கத்தைப் பற்றியும் கவலை இருந்தது. உடலை வைத்தியர் பரிசோதிப்பார். ஒழுக்கத்தை யார் பரிசோதிப்பது? அந்த வேலையை அற்லாண்டாக் கம்பனி ஏற்றுக்கொண்டது. காப்புறுதிக்கு விண்ணப்பித்தவர் வசிக்கும் வீதிக்கு அதன் பரிசோதகர் வருவார். அடுத்த வீட்டாரிடமும், எதிர் வீட்டாரிடமும், கடைக்காரரிடமும் பேச்சுக் கொடுப்பார். விண்ணப்பித்தவர் குடிப்பவரா, இல்லறம் ஒழுங்கானதா, வீடும் முற்றமும் துப்புரவாக இருக்கின்றனவா, எத்தகையோருடன் பழகுகின்றார் என்பனவெல்லாம் அறிக்கையில் ஏறும். ஒரு நாளைக்குப் பல அறிக்கைகளை முடிக்கவேண்டிய பரிசோதகருக்கு, அயலாரின் பகையையும் உண்மையையும் பிரித்தறிய நேரம் ஏது? வேலிச் சண்டையிற் பேசாதிருக்கும் அயலவர் ஒருவர் சொன்ன சொல், ஒரு குடும்பத்துக்குக் காப்புறுதி கிடைக்காமற் செய்துவிடக்கூடும். காரணம் என்னவென்று கேட்டாலும் சொல்லமாட்டார்கள்.

இன்று காப்புறுதிக் கம்பனி ஒருவருடைய கடன் அறிக்கையைப் பார்க்கின்றதே என்று வியப்போர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். காப்புறுதி அந்த ஏட்டுக்குப் பின்னாளில் வந்த விருந்தாளியன்று. அந்த ஏட்டை வளர்த்த கைகளுள் அதுவும் ஒன்று.

1960 களில் இந்த ஏடுகள் கோடிக்கணக்கான மக்களைப் பற்றியனவாகிவிட்டன. கணிப்பொறிகளும் வரத் தொடங்கின. 1968 ஆம் ஆண்டிலே காங்கிரஸ் குழுக்கள் விசாரணை நடத்தின. கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலன் வெஸ்ரின், தனிமனித அந்தரங்கம் எவ்வாறு அழிகின்றது என்பதை அங்கே எடுத்துரைத்தார். செனற் சபையில் விஸ்கொன்சின் மாநிலப் பிரதிநிதி வில்லியம் புறொக்ஸ்மையர் மசோதாவைக் கொணர்ந்தார். 1970 ஆம் ஆண்டு ஒக்டோபர் 26 ஆந் திகதி சனாதிபதி நிக்சன் ஒப்பமிட, நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் பிறந்தது. 1971 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் அறிக்கை எழுதுவதைத் தடுக்கவில்லை. எக்காரணங்களுக்காக அறிக்கை கொடுக்கலாம் என்று வரையறுத்தது. கடன், வேலை, காப்புறுதி முதலியன அக்காரணங்கள். அறிக்கையால் ஒருவருக்குப் பாதகம் நேர்ந்தால் அதனை அவருக்கு அறிவிக்கவேண்டும் என்றது. கோப்பிலுள்ள செய்தியின் தன்மையையும் சாரத்தையும் கேட்டறியவும், பிழையென்று வாதிடவும் உரிமை தந்தது. ஆனால், இதற்கு ஒரு விலையும் இருந்தது. அவ்வாறு அறிந்த செய்தியைக் கொண்டு அவதூறு வழக்குத் தொடுப்பதை, வஞ்சக நோக்கம் இருந்தாலொழிய, அச்சட்டம் பெரும்பாலும் தடைசெய்தது. பியட்ஸ்லி சகோதரர்கள் தட்டிய கதவு ஒருபுறம் திறக்கப்பட்டு மறுபுறம் சாத்தப்பட்டது என்றே சொல்லவேண்டும்.

நமது பொருளுக்கு முக்கியமானது இச்சட்டத்தின் மற்றொரு வாசகம். தம்முடைய அறிக்கை யார் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் ஒருவர் கேட்டறியலாம். வேலை சம்பந்தமாகக் கொடுத்தவற்றுக்கு இரண்டு ஆண்டுகள் வரையும், ஏனையவற்றுக்கு ஆறு மாதங்கள் வரையும் பின்னோக்கிச் சொல்லவேண்டும். ஆறு மாதம் என்பது 1996 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் ஓராண்டாயிற்று. கடன் அறிக்கையில் இன்று காணப்படும் ‘விசாரணைகள்’ என்னும் பட்டியல், சட்டத்தின் பார்வையில், உரியவருக்காகவே வைக்கப்பட்டது. வீட்டுக்குள் யார் வந்து போனார்கள் என்பதை வீட்டுக்காரர் அறிவதற்கான குறிப்பு அது.

அக்குறிப்பே வீட்டுக்காரருக்கு எதிரான சாட்சியாகவும் மாறியது. அதற்குக் காரணமாயிருந்தவை மதிப்பெண் முறைகள். 1956 ஆம் ஆண்டிலே வில்லியம் பெயர் என்னும் பொறியியலாளரும் ஏள் ஐசக் என்னும் கணித அறிஞரும் ஆளுக்கு நானூறு டொலர் முதலிட்டுக் கலிபோர்ணியாவில் ஒரு கம்பனியைத் தொடக்கினர். கடன் வாங்குவோரின் நாணயத்தை எண்ணால் அளக்கலாம் என்று 1958 ஆம் ஆண்டில் ஐம்பது கடன் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினர். மறுமொழி எழுதியது ஒன்றே ஒன்று. ஆயினும் அவர்களுடைய முறையே நிலைத்தது. 1989 ஆம் ஆண்டில், எல்லாக் கடன் நிறுவனங்களுக்கும் பொதுவான மதிப்பெண்ணாக, பைக்கோ மதிப்பெண் வந்தது. கடனைத் தவணை தவறாமற் கட்டியமையும் எஞ்சியுள்ள கடனின் அளவுமே அதிற் பெரும் பங்கு பெறுகின்றன. புதிய கடன் தேடியமைக்கு நூற்றுக்குப் பத்தளவு பங்கு உண்டு. விசாரணைகள் அந்தப் பத்தினுள் அடங்கும். குறுகிய காலத்தில் அநேக இடங்களிற் கடன் கேட்டவர், பின்னர் கட்டமாட்டாமல் முறிவது கூடுதலாகக் காணப்படுகின்றது என்பதே இதற்கு அவர்கள் கூறும் நியாயம்.

எனவே விசாரணைகள் இரண்டாகப் பிரிந்தன. ஒருவர் கடன் கேட்டு விண்ணப்பித்ததனால் எழுந்த விசாரணை ‘வன் விசாரணை’ எனப்படும். இது அறிக்கையில் இரண்டு ஆண்டுகள் நிற்கும். பைக்கோ மதிப்பெண்ணில் ஓராண்டு வரையே கணிக்கப்படும். ஒரு வன் விசாரணையாற் குறைவது பொதுவாக ஐந்து புள்ளிக்கும் உட்பட்டது. கடன் கேட்கும் நோக்கமின்றி எழுந்தவை ‘மென் விசாரணை’ எனப்படும். ஒருவர் தம் அறிக்கையைத் தாமே பார்ப்பதும், கேளாமலே கடன் தருவதாகக் கடிதம் எழுதும் வங்கிகள் பார்ப்பதும், காப்புறுதிக் கம்பனிகள் பார்ப்பதும் இதில் அடங்கும். இவை மதிப்பெண்ணைத் தொடுவதில்லை. கேளாமற் கடிதம் எழுதுவோரின் விசாரணைகளைப் பிறருக்குக் காட்டலாகாது என்று 1996 ஆம் ஆண்டுத் திருத்தமே விதித்தது.

காப்புறுதி விசாரணை ஏன் மென்மையாயிற்று? காப்புறுதி எடுப்பவர் கடன் வாங்குவதில்லை. பணத்தை முன்கூட்டியே கட்டுகின்றார். நுணுகிப் பார்த்தால், அந்தத் தவணை முடியும்வரை கடமைப்பட்டிருப்பது கம்பனியேயன்றிக் கட்டியவர் அல்லர். ஆகையால், பத்துக் கம்பனிகளிடம் கட்டணம் கேட்டவர் முறியப்போகின்றார் என்று கருத ஆதாரமில்லை; சிக்கனக்காரர் என்று வேண்டுமானாற் கருதலாம். வீட்டுக் கடன், மோட்டார் கடன் ஆகியவற்றுக்குப் பல இடங்களிற் கேட்பதைக் கூட, குறித்த நாட்களுக்குள் நடந்தால், ஒரே விசாரணையாகக் கணிக்கும் ஏற்பாடு மதிப்பெண் முறைகளிற் பின்னர் வந்தது.

காப்புறுதிக் கம்பனிகளோ 1990 களில் தமக்கென ஒரு மதிப்பெண்ணை உண்டாக்கிக்கொண்டன. கடன் அறிக்கையிலுள்ள அதே செய்திகளைக் கொண்டு, இவர் நட்டஈடு கோருவாரா என்று மதிப்பிடுவது அது. ஆகவே, கட்டணம் விசாரித்த பதிவு அந்த மதிப்பெண்ணைக் குறைக்குமோ என்ற வினா மீண்டும் எழுந்தது. காப்புறுதிச் சட்டங்களில் ஈடுபட்ட மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் தேசிய மாநாடு 2002 ஆம் ஆண்டில் ஒரு மாதிரிச் சட்டத்தை வகுத்தது. காப்புறுதி சம்பந்தமான விசாரணைகளையோ, ஒருவர் தம் அறிக்கையைத் தாமே கேட்டுப் பார்த்தமையையோ அவருக்குப் பாதகமாகக் கொள்ளலாகாது என்று அது கூறியது. பல மாநிலங்கள் அதனைத் தழுவிச் சட்டம் இயற்றின.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். விசாரணை அறிக்கையைப் பாதிப்பதில்லை என்பது உண்மை. அறிக்கை கட்டணத்தைப் பாதிக்கின்றது என்பதும் அதேயளவு உண்மை. மக்கள் அஞ்சுவது முன்னதற்கு. அவர்களின் பையைத் தொடுவது பின்னது. பல ஆண்டுகளாக ஒரு விபத்துக்கும் உள்ளாகாத சாரதி, வேலையிழந்த காலத்தில் இரண்டொரு தவணை தவறியிருந்தால், அதன் பொருட்டுக் கூடிய காப்புறுதிக் கட்டணம் செலுத்த நேரிடலாம். அந்த மதிப்பெண் நட்டஈட்டுக் கோரிக்கைகளை முன்னறியப் பயன்படுகின்றது என்று மத்திய வர்த்தக ஆணைக்குழு 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறியது. கறுப்பின மக்களும் ஹிஸ்பானிய மக்களும் தம் தொகைக்கு மிஞ்சிய அளவிற் குறைந்த மதிப்பெண் வரிசையிற் காணப்படுகின்றனர் என்பதையும் அதே அறிக்கை சொல்லிற்று. கணக்குச் சரியாயிருப்பது ஒன்று, நீதியாயிருப்பது வேறொன்று. கலிபோர்ணியாவில் 1988 ஆம் ஆண்டு வாக்காளரே நிறைவேற்றிய 103 ஆம் பிரேரணை, வாகனக் காப்புறுதிக்கு ஓட்டிய வரலாறு, ஓடிய தூரம், ஓட்டிய ஆண்டுகள் ஆகியவற்றையே முதன்மையாக்கியது. கடன் அறிக்கைக்கு அங்கே இடமில்லை. மசச்சூசெற்ஸ், ஹவாய் மாநிலங்களிலும் வாகனக் காப்புறுதிக்கு அது விலக்கப்பட்டுள்ளது.

2007 ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றத்துக்கும் இவ்விடயம் வந்தது. முதன்முறை காப்புறுதி எடுப்பவருக்குக் கடன் அறிக்கையின் காரணமாகக் கூடிய கட்டணம் விதித்தால், அதனை அறிவிக்கவேண்டுமா என்பது கேள்வி. முதற் கட்டணமும் சட்டத்துக்கு உட்பட்டதே என்று நீதிமன்றம் கூறியது. ஆனால், அறிக்கையைப் பாராமலே விதித்திருந்தால் வந்திருக்கக்கூடிய கட்டணத்திலும் கூடினாற்றான் அறிவித்தல் வேண்டும் என்று எல்லை கட்டிவிட்டது. மிகச் சிறந்த கட்டணம் தமக்குக் கிடைக்கவில்லை என்பதைப் பலர் அறியாமலே போவதற்கு இந்த எல்லை இடந்தருகின்றது.

கடலுக்கு இப்பாற் பிரித்தானியாவிலும் இதே வழக்கம் உண்டு. கட்டணம் கேட்பதனால் எழும் தேடலைப் பிற கடன் நிறுவனங்கள் காண்பதில்லை. ஆனால், ஆண்டுக் கட்டணத்தை மாதத் தவணையாகக் கட்ட உடன்பட்டால் அது கடன் உடன்படிக்கையாகிவிடுகின்றது. அப்பொழுது வன் தேடல் பதிவாகக்கூடும். அங்குள்ள மக்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்திலேதான்.

அற்லாண்டாக் கம்பனி 1975 ஆம் ஆண்டில் ஈக்குவிபக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1997 ஆம் ஆண்டிலே தன் காப்புறுதித் தகவற் பிரிவைச் சொயிஸ்பொயின்ற் என்னும் தனிக் கம்பனியாகப் பிரித்துவிட்டது. வாகனத்துக்கும் வீட்டுக்கும் கோரப்பட்ட நட்டஈடுகளை ஏழாண்டு வரை காட்டும் வேறொரு கோப்பு அதன் வழியாக வளர்ந்து, இன்று வேறொரு கம்பனியின் கையில் இருக்கின்றது. கட்டணம் சொல்லுமுன் காப்புறுதிக் கம்பனிகள் அதனையும் பார்க்கின்றன. அதையும் உரியவர் கேட்டுப் பெறலாம், கேட்பவர்தான் குறைவு.

2003 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மூன்று பெரிய நிறுவனங்களும் ஆண்டுக்கொரு முறை ஒருவருக்கு அவருடைய கடன் அறிக்கையை இலவசமாகக் கொடுக்கவேண்டியதாயிற்று. 2023 ஆம் ஆண்டு முதல் வாரத்துக்கொரு முறை கொடுப்பதை அவை நிரந்தரமாக்கின. அறிக்கையின் இறுதியிலே, பிறருக்குத் தெரியும் விசாரணைகள், உரியவருக்கு மட்டும் தெரியும் விசாரணைகள் என்று இரு பட்டியல்கள் காணப்படும். காப்புறுதிக் கம்பனியின் பெயர் இரண்டாவது பட்டியலிலே இருக்கவேண்டும். முதலாவதில் இருந்தால் அது பிழை, திருத்தக் கோரலாம்.

2017 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் ஈக்குவிபக்ஸ் கம்பனி ஓர் அறிவித்தலை வெளியிட்டது. அந்நியர் அதன் கணினிகளிற் புகுந்து, ஏறக்குறைய பதினாலு கோடியே எழுபது இலட்சம் மக்களின் பெயர், பிறந்த திகதி, சமூகப் பாதுகாப்பு இலக்கம் முதலியவற்றைக் கவர்ந்து சென்றிருந்தனர். 2020 ஆம் ஆண்டில் அமெரிக்க நீதித் திணைக்களம் சீன இராணுவத்தைச் சேர்ந்த நால்வர்மீது இதன் பொருட்டுக் குற்றஞ் சாட்டியது. மே மாதத்திலிருந்து யூலை மாதம் வரை உள்ளேயிருந்த அந்த வருகையாளரின் பெயர், எவருடைய அறிக்கையிலும் எந்த விசாரணைப் பட்டியலிலும் பதிவாகவில்லை.